நிலை: தீர்க்கப்பட்டது

பகுதி சபைக் கூட்டம் பத்தரைக்கு.
லைன்மேடு சத்துணவுக் கூடத்தில்
நாற்பது பேருக்குக் கோடு போட்டு வைத்தேன் பதிவேட்டில்.
ஷாமியானாக்காரர் முப்பத்தாறு நாற்காலிதான் இறக்கினார்.
திட்ட அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம்;
அது காலியாய்ப் போனால்
அடுத்த தவணை வராது.

நான் ஒப்பந்தப் பணி.
குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் திரை.
சேலம் அங்கே பச்சைப் புள்ளிகளாகக் கிடக்கும்.
புகார் வந்தால் ஒன்று சிவக்கும்.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
அதைப் பச்சையாக்க வேண்டும்.
சாக்கடையை யாரோ தொடுவார்கள்,
நான் புள்ளியைத் தொடுவேன்.

பொறியாளர் படம் போட்டுக் காட்டினார்:
நீலமாய் ஒரு திருமணிமுத்தாறு,
கரையெல்லாம் பூச்செடி, சாய்வு பெஞ்சு.
ஒல்லி ஒல்லியாய் மனிதர்கள் நடந்தார்கள்,
ஒருவருக்கும் நிழல் இல்லை,
ஒருவர் கையிலும் குடம் இல்லை.

'நம்ம மீன்மார்க்கெட் எங்கீங்க சார் இதுல?'
பின்வரிசையில் யாரோ.
'அது அடுத்த கட்டம்.'

ரேவம்மா எழுந்தாள்.
கொலுசுக்கு மணி பற்றவைக்கிற விரல்கள்,
நுனியெல்லாம் கருத்தவை.
பதினோரு இலக்கப் புகார் எண்ணை
ரேஷன் கார்டு எண்போல் பார்க்காமல் சொன்னாள்.
'தீர்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க.
போட்டோவும் வந்துச்சு. புது மூடி, புது சிமெண்ட்,
பாக்க நல்லாத்தான் இருக்கு.
பின்னால ஒரு தென்னமரம் நிக்குது சார்.
எங்க தெருவுல மரம்னா
கரண்டு கம்பம்தான்.'

சிரிப்பு. பொறியாளரும் சிரித்தார்.
'யாரு முடிச்சதுன்னு பாரும்மா.'

மடிக்கணினியைத் திறந்தேன்.
திறக்கத் தேவையே இல்லை.
அந்தத் தென்னை அழகாபுரத்தில் நிற்கிறது.
வெளிச்சம் நன்றாய் விழுந்த படம் என்று
தனியே சேமித்து வைத்திருந்தேன், அவசரத்துக்கு.
இந்த வருஷம் எத்தனை தெருவில் அதை நட்டேன்
என்று எனக்கே கணக்கில்லை.

'பயனர் ஏழு, சார்.'
'அது யாரு?'
மின்விசிறி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

மேடு என்று பேர். ஏற்காட்டில் இடி இடித்தால்
இங்கே கட்டில் கால்கள் செங்கல் மேல் ஏறும்.
எங்கள் வீட்டிலும்தான்.
ரேவம்மா எங்களுக்கு மூன்றாவது வீடு.
அன்றைக்கு இரவு பதினொன்று ஐம்பது,
மூன்று சிவப்பு மிச்சம்.
தெருப்பெயரை நான் பார்க்கவில்லை,
எண்ணைத்தான் பார்த்தேன்.

எழுந்து நின்றேன்.

'நீயா சிந்துஜா?'
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.
'சரி, எழுது. நாஞ் சொல்றத அப்படியே எழுது.
குழாய கெழக்கால சாய்ச்சுப் பதிச்சிருக்காங்க.
தண்ணி மேக்கால போகும்.
காகிதக் கப்பல் விடற பசங்களக் கேட்டிருந்தா
அன்னிக்கே சொல்லியிருக்கும்.'

கொலுசுப் பட்டறை மாதேஷ்
வெளியே போய்ப் பையன்கள் இருவரைக் கூட்டிவந்தார்.
தீர்மானப் புத்தகத்தின் பின் அட்டையில்
அவர்கள் தெருவை வரைந்தார்கள்.
அம்புக்குறிகள் எல்லாம் மேற்கே.
பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தன் வரைபடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்,
'டெண்டர் முடிஞ்சிருச்சே' என்றார்
யாரிடமோ.

எழுதினேன். கையெழுத்துகள் முப்பத்தொன்று,
பெருவிரல் ஒன்று.
மிச்சக் கோடுகளைக் குறுக்கே அடித்தேன்.
என் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல்
அதிகாரிகள் பக்கத்துக்கும் பொதுமக்கள் பக்கத்துக்கும் நடுவே,
தைத்த நூலின் மேலேயே எழுதினேன்.
பாதி எழுத்து அந்தப் பக்கம் போய்விட்டது.

புகாரை அன்றிரவே திறந்துவிட்டேன்.
ஆறாவது நாள் இன்று.
சுவரில் குகைப் பக்கம் ஒரு சிவப்பு.
மேற்பார்வையாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

கட்டிலுக்கு அடியில்
செங்கலை இன்னும் எடுக்கவில்லை.